உமி மூட்டையில் வந்த சாட்சி

ஜெபசீலன் தன் அக்காவிடம் கடைசியாகக் கேட்டது இரண்டு படி உமி.

"உமியா? பல்லு தேய்க்கவா?" என்றாள் செல்லபாய். அடுப்பில் புட்டுக்குழல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது.

"ஐஸுக்குக்கா. திருவனந்தபுரத்திலயிருந்து வாறதுக்குள்ள பாதி உருகி வெள்ளமாப் போயிருது. முதல் பஸ் கண்டக்டர் கிட்ட சாக்கும் உமியும் குடுத்துவிட்டா, பதினோரு மணிக்கு முழுக்கட்டியா கொண்டாந்து சேத்திருவாரு."

செல்லபாய் பள்ளிக்கூட டீச்சர். தம்பி நாகர்கோவிலில் ஒரு காலேஜில் கெமிஸ்ட்ரி டெமான்ஸ்ட்ரேட்டர். தாய் தகப்பன் போன பிறகு அந்த வீட்டில் இருந்தது இவர்கள் இரண்டு பேர்தான். அவன் பேசுவான், அவள் அதட்டுவாள். வீடு நிறைந்துதான் இருந்தது.

"அக்கா, நம்ம ரசலையன் மாமாவும் அவருக்க பக்கத்துவீட்டு முத்துநாயகம் அண்ணாச்சியும் மெட்ராஸுக்குப் போன கதை கேட்டியா?"

வேலிக்கு மேல் சாய்ந்த ஒரு தென்னைக்காக ஏழு வருடம் முகம் பார்க்காதவர்கள் அந்த இருவரும்.

"சென்ட்ரல் ஸ்டேஷன்ல ரெண்டு பேரும் கையைக் கோத்துக்கிட்டு நின்னாங்களாம். அங்க இவங்க பேச்சு ஒருத்தனுக்கும் விளங்கல்ல. குடிக்க வெள்ளம் கேட்டா, 'எந்த ஊர்ல வெள்ளம்?'ங்கான். வேற பிடி இல்லாம ஒருத்தரையொருத்தர் பிடிச்சுக்கிட்டாங்க. நாலு நாளும் ஒட்டிக்கிட்டே திரிஞ்சாங்களாம். திரும்பி வந்து நம்ம பஸ் ஸ்டாண்டில இறங்கினாங்க பாரு, தெரிஞ்ச முகம் நாலு கண்டதும் கையை விட்டாச்சு. இப்ப மறுபடியும் தென்னைமரம்."

"சரிலே, அதுக்கென்ன?"

"அதைத்தான் இன்னைக்கு நான் கண்ணாடிக் குழாயில பிடிக்கப் போறேன். பென்சீன்னு ஒண்ணு இருக்குல்லா, அதுதான் மெட்ராஸ். அதுக்குள்ள..."

"ஏலே, புட்டு ஆறுது. தின்னுட்டுப் பேசு."

தின்றான். பேச நேரம் இல்லை. சாக்கைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

அன்று சாயங்காலம் பெய்த மழையில் வாய்க்காலை ஒட்டிய சானல்கரைச் சாலையில் ஒரு சிறு பாலம் பாதி இடிந்து போயிருந்தது. அங்கே ஒரு கம்பை நட்டு வைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. வீடு திரும்பாத அவனைத் தேடிப் போனவர்கள் சைக்கிளைக் காண்பதற்கு முன்னால் உமியைத்தான் கண்டார்கள். அது தண்ணீரில் ஒரு பர்லாங் தூரத்துக்குப் பரவி, மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது.

அது 1952-ஆம் வருடம் மார்ச் மாதம்.

*

ஐந்து வாரம் கழித்து ஒரு புதன்கிழமை காலையில், செல்லபாய் வடசேரியில் கோலப்பன் பிள்ளையின் வீட்டுக்கு ஊசி போடப் போனாள்.

கோலப்பன் பிள்ளை முப்பது வருடம் திருவிதாங்கூர் கலால் இலாகாவில் இன்ஸ்பெக்டராக இருந்தவர். சாராயத்தில் எவ்வளவு தண்ணீர் என்று மிதவைக் கண்ணாடியை விட்டுப் பார்த்தே ஆயுளில் பாதியைக் கழித்தவர். ஓய்வு பெற்ற பிறகும், பால்காரியின் செம்பில் அந்த மிதவையை விடாமல் காப்பி குடிக்க மாட்டார். ஊரில் எது காணாமல் போனாலும் சரி, எவன் பொய் சொன்னாலும் சரி, போலீஸுக்குப் போகக் கூச்சப்பட்டவர்கள் அவரிடம்தான் வந்தார்கள். அவர் கண்டுபிடித்தும் கொடுத்தார். மனிதர்களை நம்பாமல் திரவங்களை நம்பியதால் என்று ஊரில் சொல்வார்கள்.

அவருக்குச் சர்க்கரை வியாதி. இரண்டு வருடமாகத் தினம் காலையில் வந்து இன்சுலின் ஊசி போட்டவன் ஜெபசீலன். லாபில் மிஞ்சும் ஐஸை உமியோடு கொண்டுவந்து, மருந்துப் புட்டி இருக்கும் மண்கலயத்தில் போடுவதும் அவன்தான். அவன் போன பிறகு அந்த வேலையைச் செல்லபாய் எடுத்துக்கொண்டாள். ஊசி போட எப்படிக் கற்றுக்கொண்டாள் என்பதற்குக் கோலப்பன் பிள்ளையின் தொடைதான் சாட்சி.

"என்ன டீச்சர், இன்னைக்கு ஊசியைவிட முகம் கூர்மையா இருக்கு?"

"ஊசிக்கு ஒரு முனைதான் சார். இதுக்கு நாலு முனை." ஒரு காகிதத்தை நீட்டினாள்.

காலேஜ் விசாரணைக் குழுவின் கடிதம். நான்கு கண்டுபிடிப்புகள் அதில் இருந்தன. ஒன்று: லாபில் இருந்த பென்சாயிக் அமிலப் புட்டி பாதி காலி. இரண்டு: அந்த அமிலம் தோல்படை மருந்துக்குச் சரக்கு, கோட்டாற்றில் யாரோ படை மருந்து விற்கிறான். மூன்று: புத்தகத்தில் பென்சாயிக் அமிலத்தின் மூலக்கூறு எடை 122. காலஞ்சென்ற ஜெபசீலனின் நோட்டிலோ 241. ஆகவே, அவன் நல்ல சரக்கை எடுத்துவிட்டு வேறு எதையோ புட்டியில் கொட்டி வைத்திருக்கிறான். நான்கு: குழுவின் உத்தரவுப்படி டெமான்ஸ்ட்ரேட்டர் சுந்தர்சிங் புதுப் புட்டியைத் திறந்து அதே சோதனையைச் செய்ததில், மிகச் சரியாக 122 வந்தது.

முடிவு: மேற்படி ஜெபசீலன், இறந்த நாளுக்கு முந்தின நாளிலிருந்து வேலை நீக்கம் செய்யப்படுகிறார். ஆட்சேபம் இருந்தால் உறவினர் வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு ஆஜராகலாம். கையெழுத்து: ராஜையன், குழுத் தலைவர்.

கோலப்பன் பிள்ளை மூக்குப்பொடி டப்பாவைத் தட்டினார். "செத்தவனை வேலையை விட்டு நீக்குகானுவ."

"இனிமே வேலைக்கு வந்திருவானோன்னு பயம் போலிருக்கு."

"குழுவில யாரெல்லாம்?"

"தலைவரு ராஜையன், சரித்திரம். அப்புறம் தமிழ் வித்துவான். டிரில் மாஸ்டர்."

"கெமிஸ்ட்ரி?"

"பேராசிரியர் வேலை ரெண்டு வருஷமா காலி சார். அதனால பாரபட்சம் இருக்காதுன்னு எழுதியிருக்காங்க."

கிழவர் சிரித்தார். செல்லபாய் சிரிக்கவில்லை.

"திங்கக்கிழமை காலேஜ் கூட்டத்தில இதை வாசிப்பாங்க சார். வாசிச்சாச்சுன்னா அவன் கள்ளன். மறுத்துப் பேச அவன் இல்ல. நான் சாவுற வரைக்கும் கள்ளனுக்க அக்கா. அதுகூடப் போகட்டும், அவன்? கல்லறையிலயும் கள்ளன்."

கோலப்பன் பிள்ளை கலயத்தைத் திறந்து மருந்துப் புட்டியைத் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது.

"அந்தச் சோதனையைப் பத்தி அவன் ஊசி போடும்போதெல்லாம் சொல்லுவான், டீச்சர். பென்சீன் மண்ணெண்ணெய்க்கு ஒண்ணுவிட்ட தம்பி. ஐந்தரை டிகிரிக் குளிரில உறைஞ்சிரும். அதில எதையாவது கரைச்சா, இன்னும் கொஞ்சம் கீழ இறங்கித்தான் உறையும். எவ்வளவு இறங்குதுன்னு பாத்து, கரைச்ச பொருளுக்க மூலக்கூறு எடையைக் கணக்குப் போடலாம். சரி, இந்த ஊரில சித்திரை மாசத்தில ஐந்தரை டிகிரி எங்க கிடைக்கும்?"

"என் பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் பேச்சில."

"ஐஸில, டீச்சர்! ஐஸ் இல்லாம அந்தச் சோதனை நடக்காது. ஐஸ் வரணும்னா திருவனந்தபுரத்திலயிருந்து பஸ்ஸில வரணும். சுந்தர்சிங் எப்பவாவது ஐஸ் வாங்கினவனா?"

"அவன் தெர்மாமீட்டரைக் காய்ச்சலுக்குக்கூட வச்சது கிடையாது."

"அப்ப கேஸ் முடிஞ்சுது. ஐஸ் வாங்கல்ல, சோதனை நடக்கல்ல, நூத்தியிருபத்திரெண்டு பொய். குடையை எடுங்க, பஸ் ஸ்டாண்டுக்குப் போவோம்."

*

பதினோரு மணி பஸ் பதினொன்றேகாலுக்கு வந்தது. கண்டக்டர் ஐயப்பன் விளவங்கோட்டுக்காரன். பேச்சில் பாதி மலையாளம், மீதி விசில்.

"ஐஸா? வந்தே!" என்றான். "போன மாசம் பதினேழாந்தேதி. காலேஜ் சுந்தர்சிங் சாருக்கு. அரைக்கட்டி. இந்தக் கையால இறக்கிக் குடுத்தேன்."

"பதினேழா? நிச்சயமா?"

"அன்னைக்கு எனக்க கொச்சுப் பிள்ளைக்குப் பேர் வச்சது, சாரே. மறக்க ஒக்குமா? உமி கிமி ஒண்ணும் குடுத்துவிடல்ல. பேப்பர்ல சுத்திக் கொண்டுவந்தேன். இறக்கின உடனே, பொடிப்பொடியா உடைச்சுத் தாடேன்னு கேட்டாரு."

குழுவின் கடிதத்தில் சுந்தர்சிங் சோதனை செய்ததாக எழுதியிருந்த தேதியும் பதினேழுதான். கோலப்பன் பிள்ளை எடுத்த பொடியை மூக்கில் போடாமல் டப்பாவிலேயே திரும்பப் போட்டார். அது அவர் தோற்றதற்கு அடையாளம்.

"சார், உங்க துப்பு கரைஞ்சு போச்சு," என்றாள் செல்லபாய்.

ஐயப்பன் தொப்பியைக் கழற்றினான். "நீங்க ஜெபசீலன் சாருக்க அக்காதானே? அன்னைக்குக் காலையில உமிச்சாக்கு தரும்போ அவரு ஒரு கதை பறஞ்சாரு. நான் வண்டி ஓடுற ரெண்டு மணி நேரமும் சிரிச்சேன். ரெண்டு பேரு, மெட்ராஸில, கையைக் கோத்துக்கிட்டு..."

"தெரியும்," என்றாள். "பாதி தெரியும்."

"மீதிதானே ரசம்! பறஞ்சாரு: 'ஐயப்பா, தெர்மாமீட்டர் உன்னைப்போல ஒரு கண்டக்டர்டே. ஏறினவன் தடியனா ஒல்லியானா, அதுக்குக் கவலை இல்ல. தலையை மட்டும்தான் எண்ணும். ரெண்டு பேரு இறுக்கிக் கட்டிப் பிடிச்சுட்டு இருந்தா, ஒரு தலைன்னு எண்ணிரும்.' நான் சொன்னேன், 'அப்ப ரெண்டு பேருக்கு ஒரு டிக்கெட்டா சாரே? செக்கிங் வந்தா எனக்க வேலை போவுமே!' அதுக்கு அவரு, 'போவாது ஐயப்பா. பஸ்ஸில ஏறின மொத்த எடையை டிக்கெட்டால வகுத்துப் பாரு. ஒரு டிக்கெட்டுக்கு ரெண்டு ஆளு எடை வரும். அப்பம் தெரியும், அவனுங்க ஜோடி சேந்துட்டானுங்கன்னு. நான் ரெண்டு தடவை பாத்தாச்சு, அப்படித்தான் வருது. இன்னைக்கு மூணாவது தடவை பாத்து எழுதிப்போடுவேன்'னாரு."

"அதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டியா?"

"பெல் அடிச்சாச்சே அக்கா. வண்டி போவண்டாமா?"

செல்லபாய் பஸ்ஸின் படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்று காலையில் புட்டு ஆறினால் ஆறட்டும் என்று விட்டிருந்தால், இந்த வார்த்தைகள் முதலில் அவளுக்குக் கிடைத்திருக்கும். தம்பியின் வாயில் அவள் அடைத்துவிட்ட பாதிக் கதை திருவனந்தபுரம் வரைக்கும் போய், ஐந்து வாரம் ஒரு கண்டக்டரின் தொப்பிக்குள் இருந்துவிட்டுத் திரும்பி வந்திருந்தது.

"சார்," என்றாள். "நூத்தியிருபத்திரெண்டை ரெண்டால பெருக்குங்க."

"இருநூத்தி நாப்பத்திநாலு."

"அவனுக்கு எவ்வளவு வந்துது?"

"இருநூத்தி நாப்பத்தொண்ணு." கோலப்பன் பிள்ளையின் கை டப்பாவைத் தேடியது. "அந்த மூணு எங்க போச்சு?"

"ஒண்ணு ரெண்டு ஜோடி தென்னைமரத்தை நினைச்சுக்கிட்டுப் பிரிஞ்சிருக்கும்."

கிழவர் இரண்டு மூக்கிலும் பொடி போட்டார். தும்மி முடிக்கும் வரை பஸ் ஸ்டாண்டே காத்திருந்தது.

"இந்த அமிலத்தைத் தண்ணியில போட்டா, கைபிடிக்கத் தண்ணி இருக்கு. சொந்த ஊரு. பென்சீனுக்குள்ள போட்டா, அங்க இவனுக்குக் கைகுடுக்க ஒரு நாதி இல்ல. அதனால அமிலத்தில ரெண்டு ரெண்டா சேந்து ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிடுது. தெர்மாமீட்டர் ஜோடியை ஒரு ஆளா எண்ணுது. எடை ரெட்டிப்பா வருது. அப்படின்னா டீச்சர், ஒழுங்கா சோதனை பண்ணினவனுக்குத் தப்பான எடைதான் வரும்!"

"சரியான எடை யாருக்கு வரும்?"

"சோதனை பண்ணாதவனுக்கு."

குழுவின் கடிதத்தில் ஜெபசீலனைக் கள்ளனாக்கிய எண்ணும் சுந்தர்சிங்கை உத்தமனாக்கிய எண்ணும் அப்படியே இடம் மாறி உட்கார்ந்தன.

"ஆனா ஐஸ் வந்திருக்கே?" என்றாள் செல்லபாய். "அரைக்கட்டி ஐஸ் எங்க போச்சு?"

"அதை வெள்ளிக்கிழமை கேப்போம். ஐயப்பா, வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு முழுக்கட்டி வேணும். டீச்சர் உமி குடுப்பாங்க."

*

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கெமிஸ்ட்ரி லாபில் குழு கூடியது. ராஜையன் நடுவில். வலப்பக்கம் தமிழ் வித்துவான், நடவடிக்கைப் புத்தகத்தோடு. இடப்பக்கம் டிரில் மாஸ்டர், கழுத்தில் விசிலோடு. ஓரமாகச் சுந்தர்சிங் நின்றான். நல்ல வெள்ளைச் சட்டை, அதில் நல்ல வேர்வை.

"உறவினருக்கு என்ன ஆட்சேபம்?" என்றார் ராஜையன்.

"ஒண்ணுமில்ல," என்றார் கோலப்பன் பிள்ளை. "சின்னச் சந்தேகம். சுந்தர்சிங் சோதனை செஞ்ச அன்னைக்கு ஐஸ் உண்டா?"

"ஐஸ் வந்துது சார்!" என்றான் சுந்தர்சிங்.

"நீ சொன்னா ஆச்சா? சாட்சி வேணும்."

ராஜையன் நிமிர்ந்தார். அவருக்குக் கோபம். "சாட்சி நானே! காலேஜ் டெமான்ஸ்ட்ரேட்டரைச் சந்தேகப்படுகிறீரா? ஐஸ் வந்தது. குழு கூடியிருந்தது. நன்னாரி சர்பத்தில் போட்டு நான் இரண்டு கிளாஸ் குடித்தேன். பல் கூசியது."

"நான் மூணு," என்றார் டிரில் மாஸ்டர்.

"நடவடிக்கைப் புத்தகத்திலேயே இருக்கிறது," என்று வித்துவான் பக்கத்தைப் புரட்டி வாசித்தார். "'கோடையின் கொடுமை தணியக் குளிர்பானம் அளித்த சுந்தர்சிங் அவர்களுக்குக் குழு தன் உளமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறது.'"

"எத்தனை கிளாஸ் மொத்தம்?" என்று செல்லபாய் பணிவாகக் கேட்டாள்.

"பதினொன்று," என்றார் வித்துவான். குறித்து வைத்திருந்தார்.

கோலப்பன் பிள்ளை தலையசைத்தார். "நல்லது. ஐஸ் வந்ததுக்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. இப்ப, குழு உத்தமம்னு கையெழுத்துப் போட்ட அதே புட்டியிலயிருந்து எடுத்து, அதே சோதனையைச் சுந்தர்சிங் நம்ம முன்னால செய்யட்டும். ஐஸ் நான் கொண்டுவந்திருக்கேன். தெர்மாமீட்டரை வேற யாரும் பாக்கண்டாம். தலைவரே பாக்கட்டும்."

செல்லபாய் சாக்கை அவிழ்த்தாள். உமிக்குள்ளிருந்து ஐஸ் முழுக்கட்டியாக வெளியே வந்தது. டிரில் மாஸ்டரின் கண் தானாகவே கிளாஸைத் தேடியது. "இது குடிக்க இல்ல சார்," என்றாள்.

சுந்தர்சிங் ஒரு தடவை வாசலைப் பார்த்தான். இருந்தாலும் படித்த வேலைதானே, செய்தான். ஐம்பது கிராம் பென்சீனைக் குழாயில் ஊற்றி, ஐஸுக்குள் இறக்கிக் கலக்கினான். ராஜையன் பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்தார்.

"ஐந்து புள்ளி ஐந்து. உறைகிறது."

பிறகு உத்தமப் புட்டியிலிருந்து ஒரு கிராம் அமிலம். கலக்கல். காத்திருத்தல். லாபில் பென்சீனின் தித்திப்பு வாடை மட்டும்.

"உங்க கணக்குப்படி எடை நூத்தியிருபத்திரெண்டு வரணும்னா," என்று கோலப்பன் பிள்ளை கரும்பலகையில் எழுதினார், "புள்ளி எண்பத்திநாலு டிகிரி இறங்கணும். எவ்வளவு இறங்கியிருக்கு?"

ராஜையன் மறுபடி குனிந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார்.

"ஐந்து புள்ளி பூஜ்யம் ஏழு."

"அப்ப இறங்கினது புள்ளி நாப்பத்திமூணு. பாதிதான். கணக்குப் போட்டா எடை இருநூத்தி முப்பத்தெட்டு."

பிறகு ராஜையன் தொண்டையைச் செருமினார். "தெர்மாமீட்டர் பழுது."

"ஐந்தரைக்கு மட்டும் நல்லா இருந்துதே சார்?" என்றாள் செல்லபாய்.

"அப்படியானால் இந்தப் புட்டியும் போலி! இதையும் அவன்..."

"இதைத் திறந்ததே அவன் போன பிறகுதான் சார். மூடியில உங்க கையெழுத்து."

கண்ணால் பார்த்தாலும் அவர்களை நம்ப வைக்க முடியாது என்பது செல்லபாய்க்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. டீச்சர் வேலையில் அது ஒரு நன்மை. ஆகவே அவள் முந்தின நாளே லைப்ரரிக்குப் போய், தலையணை கனத்தில் இருந்த ஒரு கெமிஸ்ட்ரிப் புத்தகத்தின் பின்பக்க அகரவரிசைப் பட்டியலில் விரல் வைத்துத் தேடியிருந்தாள். இப்போது அதைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள்.

"பக்கம் முந்நூத்திப் பதினெட்டு. வாசியுங்க."

ராஜையன் புரட்டினார். முந்நூற்றுப் பதினெட்டும் பத்தொன்பதும் ஒரு மடிப்புக்குள் இருந்தன. தாளின் ஓரம் அச்சாபீஸில் வெட்டப்படாமலேயே ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. புத்தகம் லைப்ரரிக்கு வந்து பன்னிரண்டு வருடம். இதுவரை ஒருவரும் அந்த மடிப்புக்குள் போனதில்லை.

"நான் கிழிக்கல்ல," என்றாள். "குழு முன்னாலயே திறக்கட்டும்னு வச்சேன்."

டிரில் மாஸ்டர் ஒரு ஸ்கேலைக் கொடுத்தார். ராஜையன் மடிப்பை அறுத்தார். உள்ளே சின்ன எழுத்தில் நாலு வரி. உதடு மட்டும் அசைய அதை அவர் மூன்று முறை வாசித்தார். பென்சாயிக் அமிலம் பென்சீனில் இரண்டிரண்டாகச் சேர்ந்திருக்கும். அதனால் அங்கே அளந்தால் எடை ஏறக்குறைய இருமடங்கு வரும்.

"அச்சிலேயே இருக்கிறதே!" என்றார் வித்துவான், அப்போதுதான் சோதனை முடிந்ததுபோல.

எல்லாரும் சுந்தர்சிங்கைப் பார்த்தார்கள். அவன் அதற்கு முன்பே அழத் தொடங்கியிருந்தான்.

"செய்யத்தான் ஐஸ் வாங்கினேன் சார். கும்பிட்டுக் கேக்கேன், செய்யத்தான். நீங்கதான், 'வெக்கையா இருக்குலே, அதில ஒரு பிடி சர்பத்தில போடு'ன்னீங்க. ஒரு பிடி போச்சு. அப்புறம் டிரில் மாஸ்டர் சார். அப்புறம் மறுபடியும் நீங்க. நான் குழாயைக் கழுவிட்டு வந்து பாக்கேன், சுத்தின பேப்பர்ல ஈரம் மட்டும் இருக்கு. சாயங்காலத்துக்குள்ள அறிக்கை வேணும்னீங்க. புத்தகத்தைப் பாத்து எழுதினேன். புத்தகத்தில உள்ளதை எழுதினா யாருக்கும் கேடு வராதுன்னு நினைச்சேன், சார்."

கோலப்பன் பிள்ளை மிதவைக் கண்ணாடியைப் பார்ப்பதுபோல மூன்று பேரையும் வரிசையாகப் பார்த்தார்.

"முப்பது வருஷ சர்வீஸில சாட்சிக்குப் பிடிச்சு வச்ச தொண்டிச் சாராயத்தைக் குடிச்ச போலீஸை நான் பாத்திருக்கேன். சாட்சியை நன்னாரியில கலக்கிக் குடிச்ச விசாரணையை இன்னைக்குத்தான் பாக்கேன்."

"களவு?" என்றார் டிரில் மாஸ்டர், இன்னும் விளங்காமல். "அப்போ களவு பண்ணினது யாரு?"

"யாரும் இல்ல சார்," என்றாள் செல்லபாய். "புட்டியில பாதி இல்லன்னா, பாதியைப் பிள்ளைங்க படிக்கிறதுக்குச் செலவழிச்சிருக்காங்கன்னு அர்த்தம். லாபுன்னா அதுக்குத்தான்."

குழு அரைமணி நேரம் தனியாகக் கூடிப் பேசியது. முன்தேதியிட்டு வேலை நீக்கம் செய்த தீர்மானத்தைச் சும்மா கிழித்துப் போட விதியில் இடம் இல்லை என்று வித்துவான் கண்டுபிடித்தார். ஆகவே வேறொரு தீர்மானம் போட்டார்கள். அதன் தட்டச்சுப் பிரதி, சாயங்காலம் பியூன் கையில் வீட்டுக்கு வந்தது. மேலே பெயர்: திரு ஜெபசீலன், டெமான்ஸ்ட்ரேட்டர். அவர் களங்கமற்றவர் என்று குழு ஏகமனதாகக் கண்டது. அவர் மீண்டும் வேலையில் அமர்த்தப்படுகிறார். இக்கடிதம் கிடைத்த ஏழு நாளுக்குள் நேரில் வந்து சேர்ந்துகொள்ள வேண்டும்; தவறினால் மேல்நடவடிக்கை.

பியூன் தலையைச் சொறிந்தான். "பதில் ஏதாவது சொல்லணுமா அக்கா?"

"வரச் சொல்லுகேன்," என்றாள் செல்லபாய். "அந்தப் பாலத்தை மட்டும் கட்டிப் போடச் சொல்லு."

*

திங்கட்கிழமை காலேஜ் கூட்டத்தில் தீர்மானத்தை வாசித்தார்கள். 'ஏழு நாள்' என்ற வரியை யாரோ சொல்லி எடுத்திருந்தார்கள். களங்கமற்றவர் என்ற வார்த்தை மட்டும் ஹாலில் கேட்டது. அன்று முதல் ஜெபசீலன் கள்ளன் இல்லை. மற்றபடி அவன் எங்கே இருந்தானோ அங்கேயேதான் இருந்தான்.

அவன் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் காலை ஊசி போடப் போனபோது, செல்லபாய் அதைக் கோலப்பன் பிள்ளையிடம் காட்டினாள். 241-க்குக் கீழே இரண்டு கோடு. ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு: 'உடம்புக்குள்ளும் இப்படி ஜோடிகள் உண்டாம். இன்சுலினின் எடை பன்னிரண்டாயிரமா ஆறாயிரமா என்று வெளிநாட்டில் சண்டை. இன்ஸ்பெக்டர் சாருக்கு நான் போடுவது ஒற்றையா, இரட்டையா? பார்க்க வேண்டும்.'

கிழவர் வெகுநேரம் அந்தக் குறிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேட்டியைத் தொடைக்கு மேல் ஒதுக்கினார்.

"போடு மக்கா. இன்னைக்கு வலிச்சாலும் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

வலித்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மிஞ்சிய ஐஸ் எப்போதோ கரைந்திருந்தது. உமி மட்டும் கலயத்தைச் சுற்றி ஈரமாகக் கிடந்தது. செல்லபாய் புட்டியை அதற்குள் பதித்துவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டாள். அன்று குழுவின் முன் செய்த சோதனையைக் குறித்து வைத்த தாளையும், சுந்தர்சிங்கின் பொய் நோட்டிலிருந்து கிழித்துக் கொடுத்த தாளையும் அதற்குள் வைத்திருந்தாள். மூன்றிலும் கடைசி வரி வேறு வேறு. முதல் வரி மூன்றிலும் ஒன்றுதான்.

பென்சீன், தனியாக: ஐந்தரை டிகிரி.